மழை குறைந்த மாதங்களுக்கேற்ற பூஞ்செடிகள்

ஹந்தானைச் சரிவுகளில் தை முதல் பங்குனி வரை மழை குறைவு. அக்காலத்தில் உள்ள நீரைக் கறிப்பயிர்களுக்கே முதலில் அளிக்க வேண்டுமென்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே முற்றத்தை அழகுசெய்ய விரும்பும் கமக்காரர், பேராதனைப் பூங்காவிலே கண்டு மகிழ்ந்த மலர்களையெல்லாம் நாடாது, நீரும் பராமரிப்பும் அதிகம் வேண்டாதவற்றையே தெரிதல் நன்று.

நித்தியகல்யாணி முதலிடத்திற்குரியது. வேரூன்றியபின் வறட்சியைத் தாங்கும். நஞ்சுடையதாதலால் ஆடுமாடுகள் பெரும்பாலும் தீண்டா. பிள்ளைகள் வாயிலிடாதவாறு காத்தல் வேண்டும். நீர் தேங்கின் வேர் அழுகும். மேட்டுப் பாத்தியில் நடுக. பத்துமணிப்பூ கற்பாங்கான வரம்பிலும் தண்டை ஊன்றினாலே பிடிக்கும். வெயில் படாவிடில் இதழ் விரியாது. மலைநிழல் விழும் இடத்திற்கு அது உதவாது.

துலுக்கச் செவ்வந்திக்கு நீர் சற்றுக் கூடுதலாக வேண்டும். எனினும் அதனைக் கைவிடலாகாது. கத்தரி, தக்காளி வேர்களில் முடிச்சுகளை உண்டாக்கும் நுண்புழுக்களை அதன் வேர் அடக்குகிறது. பாத்தியோரத்தில் இரண்டொரு செடி வைப்பதால் இப்பயன் கிட்டாது. சிறுபோகத்தில் கத்தரி நடவிருக்கும் பாத்தி முழுவதிலும் 2 அல்லது 3 மாதங்கள் நெருக்கமாக வளர்த்து, பின்னர் மண்ணோடு கொத்திப் புரட்டுக. இடையே களைகளை விட்டுவைப்பின் புழுக்கள் அவற்றின் வேரில் பிழைத்துக்கொள்ளும். புரட்டுமுன் சில பூக்களை முற்றவிட்டு, விதையை உலர்த்தி எடுத்துவைத்துக்கொள்க.