படகை எங்கே கட்டுவது?

வளைகுடாவிலிருந்து திரும்பிய எங்கள் கரமனைத் தெருப் பிள்ளை ஒருவர், மோட்டார் படகு வாங்கி நம் மாவட்டத்து முதலப்பொழியில் நிறுத்தலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ரயில்வேயில் நான் கற்ற பாடம் இது: லூப் லைன் எத்தனை நீளமானாலும், நுழையும் பாயிண்ட் சரியில்லாவிட்டால் வண்டி தடம்புரளும். முதலப்பொழி முகத்துவாரத்தில் மணல் மேடிடுகிறது. மழைக்கால அலையில் படகு கவிழ்ந்து மீனவர் பலர் மாண்டிருக்கின்றனர்.

மத்தியதரைக் கடலில் நீர்மட்ட ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அரை மீட்டருக்குள், கற்கரையிலேயே கட்டலாம். கொச்சியில் ஏறக்குறைய ஒரு மீட்டர்; மிதக்கும் மேடை வேண்டும். போல்காட்டித் தீவில், 1744-இல் டச்சுக்காரர் கட்டிய மாளிகையருகே, கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழக மரீனாவில் அது உண்டு. காயலுக்குள் இருப்பதால் கடலலையின் வேகம் எட்டாது.

"200 கிலோமீட்டர் ரயிலில் போகவேண்டுமே மாமா?"

"போய் வா தம்பி. பத்திரமாகத் திரும்பி வருவதுதான் முக்கியம்."

படகு வாங்கும் அன்பர்களே, முதலில் முகத்துவாரத்தைப் பாருங்கள். விலையைப் பிறகு பார்க்கலாம்.