குழுக் கணக்கும் கொட்டைக் கணக்கும்

பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில் காடாம்புலியூர் நெருங்குவதை மூக்கே சொல்லிவிடும். முந்திரி ஓடு எரியும் வாடை அது. சாலையோரக் கடைகளில் பருப்பு வெள்ளை வெளேரென்று பையில் தொங்கும். அதை உடைத்த கை கடையில் தெரியாது.

அந்தக் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். அதற்காகச் சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். முன்பு தரையில் உட்கார்ந்து, கல்லில் கொட்டையை வைத்துக் கட்டையால் ஒவ்வொன்றாகத் தட்டுவது வழக்கம். பருப்பு சிதறினால் கூலியில் பிடிப்பு. ஒரு கிலோ உடைத்தால் இவ்வளவு என்று கணக்கு. 80 கிலோ மூட்டையை முழுக்க உடைத்தாலும் பருப்பு 20 கிலோவைச் சுற்றித்தான் தேறும்.

முப்பது வருடத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டின் நிலைமை தெரிய, அவர்கள் யாரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று கேட்டாலே போதும். மகள் சடங்குக்கோ மாமியார் மருத்துவத்துக்கோ கை நீட்டியிருப்பார்கள். அப்புறம் வேறு முந்திரிக் கொட்டகையில் நாலு காசு கூடக் கொடுத்தாலும் போக முடியாது. வெளியே வாங்கினால் நூற்றுக்கு மாதம் ஐந்து, பத்து என்று வட்டி. தாலிக்கொடி அடகுக் கடையில் இருக்கும், கழுத்தில் மஞ்சள் கயிறு இருக்கும்.

சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் 1989இல் தருமபுரியில் தொடங்கியது. பிறகு, அப்போது கடலூரும் விழுப்புரமும் ஒன்றாக இருந்த தென்னார்க்காட்டுக்கும் அது வந்தது. நபார்டு வங்கி 1992இல் சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்க ஆரம்பித்தது. மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநிலம் முழுக்கப் பரவியது 1997க்குப் பிறகு. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள், மாதம் இருபதோ முப்பதோ சந்தா, ஒரு ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள், ஒரு தீர்மான நோட்டு. அவ்வளவுதான் முதல். "கூட்டம் போட்டு என்னத்தைக் கிழிக்கப் போறீங்க?" என்று திண்ணையில் இருந்த ஆண்கள் கேட்டார்கள்.

கிழிக்கவில்லை, எழுதினார்கள். தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்காகவே பெயர் எழுதக் கற்ற அக்காமார்கள் எத்தனையோ பேர். பெருவிரலில் மை தடவிய காலம் போய்விட்டது என்று நினைத்தோம். இப்போது ரேஷன் கடையில் மறுபடி விரலை வைக்கச் சொல்கிறார்கள். முந்திரி எண்ணெய் தின்ற விரலில் ரேகை விழாமல், துடைத்துத் துடைத்து வைப்பதைப் பார்க்கும்போது சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

மாற்றம் உண்மை. குழுவில் கடன் எடுத்து நகையை மீட்டவர்கள் இருக்கிறார்கள். கறவை மாடு வாங்கினார்கள், பிள்ளையைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தார்கள். 2006இல் நூறு நாள் வேலை முதல் கட்டமாக வந்த மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. அதற்கப்புறம், கொடுப்பதை வாங்கிக்கொள் என்று கூலியை அடித்துப் பேசுவது கொஞ்சம் குறைந்தது. 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2023இலிருந்து மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய். தெருவில் நின்று பார்த்தால் இவையெல்லாம் சின்னத் தொகை இல்லை.

ஆனால் 2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில் தானே புயல் கரையேறியபோது ஒன்று விளங்கியது. வயதான முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கொல்லைக்காரருக்கு மரம் போயிற்று, உடைப்பவளுக்கு வேலை போயிற்று. புதிதாக வைத்த ஒட்டுக்கன்று காய்க்க மூன்று வருடமாவது ஆகும், பலாவுக்கு இன்னும் கூட. அத்தனை நாள் தாங்குகிற கனம் குழுவின் சேமிப்புக்கு இல்லை. தாங்கும் என்று எதிர்பார்த்ததும் தப்பு.

இன்றைக்குக் கொட்டகையில் இயந்திரம் வந்துவிட்டது. கொட்டையை ஆவியில் வேகவைக்கிறார்கள், காலால் மிதித்துக் கையால் இழுக்கும் கட்டரில் வெட்டுகிறார்கள். கொட்டையில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது என்றாலும் ஆச்சரியமில்லை. தோல் உரிப்பதும் ரகம் பிரிப்பதும் இன்னும் பெண்கள் கையில்தான், இன்னும் கிலோ கணக்கில்தான்.

"குழுவுக்குக் கட்டணும்" என்ற பேச்சும் இப்போது வேறு அர்த்தத்தில் ஓடுகிறது. பழைய குழுவில் கட்டியது அவர்கள் பணம், அதன் வட்டியும் அவர்களுக்கே திரும்பியது. மைக்ரோ பைனான்ஸ் குழுவில் கட்டுவது கம்பெனிப் பணம். ஒருத்தி தவறினால் மற்றவர்கள் அவள் வாசலில் நிற்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பது பெரிய வசதி, யாருக்கு என்பதுதான் கேள்வி. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025இல் சட்டசபை ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

என் கணக்கில், இத்தனை வருடத் திட்டங்களும் இந்தப் பெண்களுக்குக் கடன் வாங்கும் தகுதியைக் கொடுத்தன, சரக்கைக் கொடுக்கவில்லை. முந்திரியில் லாபம் உடைப்பவருக்கு இல்லை. கொட்டையை அறுவடையில் மலிவாக வாங்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, விலை ஏறும்வரை அடுக்கி வைத்திருப்பவருக்குத்தான். பத்துப் பெண்கள் சேர்ந்து ஐம்பது மூட்டை பிடித்தால் உடைக்கவும் உரிக்கவும் வெளியாள் வேண்டாம், அந்தத் தொழில் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அதற்குத் தேவை ஒரு களம், ஒரு கிடங்கு, சரியான நேரத்தில் பணம்.

நேரம்தான் முக்கியம். கொட்டை விழுவது மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை. வங்கியின் கணக்கு முடிகிற மார்ச்சில்தான் கொட்டையின் கணக்கு தொடங்குகிறது. ஊராட்சிக் குழுக் கூட்டமைப்பிலும் வங்கியிலும் உட்கார்ந்திருப்பவர்களே, மனுவை ஐப்பசியில் வாங்கித் தையில் பணத்தைக் கொடுங்கள். ஆனியில் கொடுக்கும் கடனில் கொட்டை வாங்க முடியாது.