கோடை வந்தால் சொறியும் குதிரைகள்

ஐஸ்லாந்துக் குதிரை உருவத்தில் சிறியது. தோள் உயரம் பெரும்பாலும் 130 முதல் 145 செ.மீ.க்குள்தான். ஆனால் வளர்ந்த ஆளைச் சுமந்துகொண்டு எரிமலைக் கற்கள் நிறைந்த நிலத்தில் நெடுந்தூரம் போகும். மற்றக் குதிரைகளின் நடைகளோடு ‘டோல்ட்’ என்ற தனி நடையும் இதற்கு உண்டு. அந்த நடையில் போகும்போது சேணத்தில் இருப்பவரின் உடம்பு அலுங்குவதே இல்லை. இதற்காகவே ஜெர்மனி, டென்மார்க், ஸ்வீடன், சுவிட்சர்லாந்து சவாரிக்காரர்கள் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

விமானம் ஏறிய குதிரை திரும்ப ஊர் வர முடியாது. நோய் நுழையக் கூடாது என்று வெளிநாட்டுக் குதிரை எதையும் ஐஸ்லாந்து அனுமதிப்பதில்லை. அங்கேயே பிறந்ததானாலும் போனது போனதுதான். உலகப் போட்டிக்குப் போய் வென்ற குதிரைக்கும் விலக்கு இல்லை.

புது நாட்டில் அந்தக் குதிரைக்கு என்ன ஆகிறது என்பதுதான் என் கவலை. முதல் சில கோடைகளுக்குள் அரிப்பு தொடங்கலாம். வேலிக் கம்பு, மரம், லாயச் சுவர் என்று எது கிடைத்தாலும் பிடரியையும் வால் அடியையும் அதில் தேய்க்கும். அடர்ந்து தொங்கிய பிடரிமயிர் உதிர்ந்து தோல் தெரியும். தோல் தடித்து மடிப்பு மடிப்பாகும், நீர் கசியும், ரத்தம் வரும், அந்தப் புண்ணில் ஈ மொய்க்கும். வயிற்றின் நடுக்கோட்டிலும் அரிப்பு பரவினால் சேணத்தின் வாரைக் கட்ட விடாது. நன்றாகப் பழகிய குதிரைகூட முரண்டு பிடிக்கும். இதைக் குணக்கேடு என்று நினைத்து அதட்டுவது அநியாயம்.

காரணம், கொசுவைவிடச் சிறிய ஒரு கடிபூச்சி. ‘கியூலிக்காய்டஸ்’ என்பது அதன் அறிவியல் பெயர். நீளம் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர். நம் ஊரில் ஆடு வளர்ப்பவர்கள் அஞ்சும் நீலநாக்கு நோயைப் பரப்புவதும் இந்தப் பூச்சி இனம்தான். குதிரை விஷயத்தில் அது கிருமி எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. அதன் எச்சிலில் உள்ள புரதங்களே போதும், ஒவ்வாமை வந்துவிடும். ஆஸ்திரேலியாவில் ‘குவீன்ஸ்லாந்து அரிப்பு’ என்று சொல்லப்பட்ட குதிரை நோய்க்கும் இதே ஒவ்வாமைதான் காரணம் என்று ரீக் என்ற ஆய்வாளர் 1950களிலேயே காட்டினார்.

எந்த இனக் குதிரைக்கும் இது வரலாம். ஆனால் ஐஸ்லாந்தில் பிறந்தவற்றை இது வாட்டுவதுபோல் வேறு எதையும் வாட்டுவதில்லை. அங்கே குட்டிப் பருவத்தில், இந்த ஒவ்வாமையைத் தரும் பூச்சி வகைகளின் கடி அவற்றுக்குத் தெரியாது. வளர்ந்த பிறகு திடீரென்று கடிபடும்போது உடம்பின் எதிர்ப்பு எல்லை மீறுகிறது. பூச்சி மிகுந்த இடங்களில் இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ இருந்தவற்றில் ஏறக்குறைய பாதிக்கு இந்த நோய் வருகிறது. அதே வம்சத்தில் ஐரோப்பாவில் பிறந்த குட்டிகளுக்கோ இது மிகவும் குறைவு. பிறந்தது முதல் கடிபட்டு வளர்ந்ததால் அவற்றின் உடம்புக்கு அது பழகிவிடுகிறது.

சொறி என்றதும் தைலம் தேடுவது எல்லா ஊரிலும் உண்டு. புண்ணை ஆற்ற களிம்பு உதவும். மறுநாள் மாலையில் வரும் கடியை அது தடுக்காது. ஸ்டீராய்டு ஊசி அரிப்பை அடக்கும். ஆனால் குளம்புக்குள் அழற்சி வந்து குதிரை நிற்கவே முடியாமல் போகும் ஆபத்து அதில் இருப்பதால், மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடக் கூடாது. ஒருமுறை வந்த ஒவ்வாமை முழுதாகப் போவதும் இல்லை. குளிர்காலத்தில் தோல் தேறும், வசந்தம் வந்ததும் மறுபடி தொடங்கும்.

அதனால் பூச்சியை அண்ட விடாமல் செய்வதே உண்மையான வைத்தியம். காதிலிருந்து வால்வரையும் வயிற்றின் அடியையும் மூடும் மெல்லிய போர்வைகள் இதற்கென்றே விற்கின்றன. அரிப்பு தொடங்கிய பிறகு போர்த்துவதைவிட, பூச்சி தலைகாட்டும் முன்பே போர்த்திவிட வேண்டும். விடியலும் அந்தியும் பூச்சி கூட்டமாகப் பறக்கும் நேரம். அப்போது குதிரை லாயத்துக்குள் இருக்கட்டும். இவை வலுவாகப் பறக்கத் தெரியாதவை. லாயத்தில் ஒரு மின்விசிறி சுழன்றாலே திணறும். காற்றடிக்கும் மேட்டு நிலமும் அதே காரணத்தால் நல்ல மேய்ச்சல் இடம். சேறும் ஈரச் சாணமும் குட்டையும் இவை பெருகும் இடங்கள். பக்கத்தில் அவை இருக்கக் கூடாது. பூச்சி விரட்டும் மருந்தில் பெர்மெத்ரின் சேர்ந்திருந்தால், லாயத்தில் பூனை இருக்கிறதா என்று பாருங்கள். பூனைக்கு அது விஷம்.

எல்லாத் தடிப்பும் இந்தப் பூச்சியால் வருவதில்லை. வார் பட்ட இடத்தில் மட்டும் மயிர் உதிர்ந்திருந்தால், அழுக்கு வாரோ சரியாகப் பொருந்தாத சேணமோ காரணமாகலாம். வட்ட வட்டமாக உதிர்ந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அப்படியானால் ஒரே தூரிகையை இன்னொரு குதிரைக்கும் போட்டுத் தேய்த்தால் லாயம் முழுவதும் பரவும்.

ஐஸ்லாந்தின் கெல்டூர் ஆய்வு நிலையமும் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பூச்சி எச்சிலின் புரதங்களைக் கொண்டே ஒரு தடுப்பூசிக்கு முயல்கின்றன. ஏற்றுமதிக்கு முன்பே குதிரையின் உடம்பை அந்தப் புரதங்களுக்குப் பழக்குவதுதான் நோக்கம். இந்த ஆய்வுக்கு குதிரை விற்பவர்களே முன்வந்து பணம் தர வேண்டும் என்பேன். அதுவரை வாங்குபவர் கையில் ஒரு வழி இருக்கிறது: ஐரோப்பாவிலேயே பிறந்த ஐஸ்லாந்துக் குதிரையை வாங்கலாம். அதே டோல்ட் நடை அதற்கும் வரும். ஐஸ்லாந்தில் பிறந்ததுதான் வேண்டும் என்பவர், சதுப்புக்கும் ஓடைக்கும் தள்ளி, காற்று வீசும் இடத்தில் மேய்ச்சல் நிலம் பார்த்த பிறகு விலை பேசட்டும்.