கார்: கடனில் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

வீட்டில் குழந்தை பிறந்துவிட்டால், வயதான பெற்றோரை மருத்துவமனைக்கு அடிக்கடி அழைத்துச் செல்ல நேர்ந்தால், "ஒரு கார் இருந்தால் நல்லது" என்ற பேச்சு தொடங்கிவிடும். கடன் எடுத்து வாங்குவதா, நீண்டகால வாடகைக்கு எடுப்பதா? இன்றைய கருத்துக்களத்தின் தலைப்பு இதுதான்.

சிங்கப்பூரில் கார் வாங்குகிறோம் என்றால், உண்மையில் 10 ஆண்டு ஓட்டும் உரிமையையும் சேர்த்து வாங்குகிறோம். 1990ல் வந்த வாகன உரிமைச் சான்றிதழின் விலை கடலலை மாதிரி. 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் 2 வெள்ளிக்கு இறங்கியது. 2023 அக்டோபரில் அதுவே 106,000 வெள்ளிக்கு ஏறியது.

முதலில் கடனைப் பார்ப்போம். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி, காரின் பொதுச் சந்தை மதிப்பு 20,000 வெள்ளிக்கு மேல் இருந்தால் விலையில் 60 விழுக்காடு வரைதான் கடன் கிடைக்கும். அதற்குள் இருந்தால் 70 விழுக்காடு. ஏழு ஆண்டுக்குள் அடைத்துவிட வேண்டும். மத்திய சேமநிதிப் பணத்தைத் தொட முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு. காரின் விலை 150,000 வெள்ளி, கடன் 60 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து 60,000 வெள்ளி கட்ட வேண்டும், கடன் 90,000. வட்டி 2.5 விழுக்காடு என்கிறார் விற்பனையாளர். குறைவுதானே என்று தோன்றும். ஆனால் கடன் குறையக் குறைய இந்த வட்டி குறையாது. ஏழு ஆண்டும் முழு 90,000 வெள்ளிக்கே கணக்கிடுவார்கள். வட்டி மட்டும் 15,750 வெள்ளி. மாதத் தவணை ஏறக்குறைய 1,259 வெள்ளி. குறைந்துவரும் கடன் மீது கணக்குப் போட்டால் உண்மையான வட்டி சுமார் 4.7 விழுக்காடு. ஆகவே கையெழுத்திடுமுன் "உண்மை வட்டி விகிதம் என்ன?" என்று கேளுங்கள். சாலை வரி, காப்புறுதி, பராமரிப்பு, எல்லாம் உங்கள் பொறுப்பு.

வாடகைக்கு எடுத்தால் பெரிய முன்பணம் இல்லை, வைப்புத்தொகை போதும். சாலை வரி, காப்புறுதி, வழக்கமான பராமரிப்பு பெரும்பாலும் மாத வாடகைக்குள் அடங்கும். சான்றிதழ் விலை சரிந்தாலும் நட்டம் உங்களுக்கில்லை. ஆனால் எத்தனை ஆண்டு கட்டினாலும் கார் உங்களுடையதாகாது. ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்தால் என்ன அபராதம், விபத்து நேர்ந்தால் முதலில் நீங்கள் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, ஜோகூருக்கு ஓட்டிச் செல்லலாமா, கிலோமீட்டர் வரம்பு உண்டா என்பதையெல்லாம் எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத வாடகை 1,900 வெள்ளி என்றால் 2 ஆண்டில் 45,600 வெள்ளி. மேற்சொன்ன காருக்கான முன்பணத்தைவிடக் குறைவு. அதையே 10 ஆண்டு கட்டினால் 228,000 வெள்ளி. வாங்கிய காருக்கு முன்பணமும் தவணைகளும் சேர்ந்து 165,750 வெள்ளி. பராமரிப்பு, வரி, காப்புறுதிக்கு மாதம் 300 வெள்ளி சேர்த்தாலும் 201,750 வெள்ளிதான். குறுகிய காலத் தேவைக்கு வாடகையும் நெடுங்காலத் தேவைக்குக் கடனும் பொருந்துவது இதனால்தான்.

இளம் தம்பதியர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வீடு வாங்க வங்கிக் கடன் கேட்கும்போது உங்கள் கார் தவணையும் கணக்கில் வரும். எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. காருக்காக இன்று போடும் கையெழுத்து நாளைய வீட்டைச் சிறியதாக்கிவிடலாம்.

வேலை நிலையாக இருக்கிறது, முன்பணம் கொடுத்த பிறகும் ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பு மிஞ்சும், 10 ஆண்டும் அதே காரை ஓட்டுவோம் என்பவர்கள் வாங்கலாம். இரண்டு, மூன்று ஆண்டுக்கு மட்டும் தேவை என்பவர்கள் வாடகையை நாடலாம். வார இறுதிக்கு மட்டும் என்றால் இரண்டுமே வேண்டாம், மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

காட்சிக்கூடத்துக்குப் போவதற்கு முன், கணவனும் மனைவியும் உட்கார்ந்து இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக் காரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அவர்களின் தவணையைக் கட்டப்போவது அவர்கள். உங்கள் தவணையை நீங்கள்தான் கட்ட வேண்டும்.