உறைந்த ஏரியில் மடக்குக் கூடாரம்

அமெரிக்காவின் மினசோட்டாவில் ஏரிகள் உறைந்ததும் மக்கள் பனிக்கட்டியில் துளையிட்டுத் தூண்டில் போடுகிறார்கள். அங்கே குளிருக்கு மறைவாக விரிக்கும் மடக்குக் கூடாரத்தின் சிறப்பு கதகதப்பு என்பார்கள். நானோ எடை குறைவுதான் என்பேன். புதிய, தெளிந்த பனிக்கட்டி 10 சென்டிமீட்டர் தடித்தால் ஆள் நடக்கலாம். பிக்கப் வண்டிக்கோ சுமார் 33 சென்டிமீட்டர் வேண்டும் என்கிறது மாநில இயற்கை வளத்துறை. கூடாரத்துக்குப் பதிலாகப் பெரிய மரக்குடிலை இழுத்துப் போக அத்தகைய வண்டி தேவை. கூடாரத்தை ஒருவரே சறுக்குவண்டியில் இழுத்துப் போகலாம், சுவர்களின் நடுவே பிடித்து வெளியே இழுத்தால் விரிந்துவிடும், மீன் இடம் மாறினால் நாமும் மாறலாம். காற்று தூக்கிவிடாதா? காற்றடிக்கும் பக்கத்தை முதலில் திருகாணியால் பனிக்கட்டியில் இறுக்கிக் கயிறு கட்டினால் நிற்கும். நச்சுவாயு பற்றிய அச்சம் காற்றைப் பற்றிய அச்சத்தைவிட நியாயமானது: உள்ளே கேஸ் ஹீட்டர் எரியும்போது மணமற்ற கார்பன் மோனாக்சைடு சேரலாம், அது உயிரையே பறிக்கும். எவ்வளவு குளிரானாலும் காற்றுத் துவாரங்களை மூடவே கூடாது. எச்சரிக்கைக் கருவியும் கூடவே இருக்க வேண்டும்.