மைனஸ் 20-இல் கருகும் பெல்ட்

வெளியே மைனஸ் 20 டிகிரி. பானட்டுக்குள் ரப்பர் கருகும் வாடை. கனடாவிலும் அமெரிக்காவின் மலை மாநிலங்களிலும் ஸ்னோமொபைல் என்ற பனி வண்டியை ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிய வாடைதான். மாற்று பெல்ட் ஒன்றில்லாமல் அவர்கள் காட்டுக்குள் போவதில்லை.

நம்மூர் கியர் இல்லாத ஸ்கூட்டரில் உள்ள அதே ஏற்பாடுதான் ஸ்னோமொபைலிலும். எஞ்சின் பக்கம் ஒரு புல்லி, பின்னால் ஒன்று, நடுவே 'வி' வடிவ பெல்ட். எஞ்சின் வேகம் ஏற ஏற, முன்புல்லியின் எடைகள் வெளியே விலகி அதன் இரு தட்டுகளையும் நெருக்கும். பெல்ட் அங்கே மேலேறும், பின்புல்லியில் கீழிறங்கும். ஸ்கூட்டர் பெல்ட் சுமப்பது சுமார் 8 குதிரைத்திறன். 998 சிசி டர்போ எஞ்சின் கொண்ட ஆர்க்டிக் கேட் தண்டர்கேட் என்ற பனி வண்டியில் அது 200-ஐ ஒட்டி வரும். பெல்ட்டின் அகலமோ ஒன்றரை அங்குலம்தான்.

அடியில் தெரியும் பற்கள் வளைந்துகொடுப்பதற்கு மட்டுமே. எதையும் கடித்து இழுப்பதற்கல்ல. தட்டுகள் பக்கவாட்டில் இறுக்கும் பிடிதான் அத்தனை சக்தியையும் கடத்துகிறது. 200 குதிரைத்திறன் என்பது ஏறக்குறைய 150 கிலோவாட். அதில் பத்தில் ஒரு பங்கு வீணாவதாக வைத்துக்கொண்டால், 15 கிலோவாட் சூடு. பக்கெட்டில் போடும் ஹீட்டர் பத்தை, பெல்ட்டை மூடியிருக்கும் சின்ன உறைக்குள் எரியவிட்ட மாதிரி.

ரப்பர் சூட்டை எளிதில் கடத்தாது. அலுமினியத் தட்டுகள்தான் அதை வாங்கிக் காற்றில் விட வேண்டும். ஆழமான பனியில் மலையேறும்போது காற்று நுழையும் வலைகளைப் பனி அடைத்துவிடும். வேகம் குறைவு, சுமை அதிகம். 80 டிகிரி செல்சியஸ் வாக்கில் நிம்மதியாக ஓடும் பெல்ட், 110-ஐத் தாண்டினால் தாங்காது. 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பெல்ட் தொழிலில் ஒரு பழைய கணக்கு. சூடேறிய பெல்ட்டின் பக்கங்கள் பளபளத்துப் பிடி இழக்கும். பிடி இழந்தால் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு. கடைசியில் உள்ளே பலம் தரும் அராமிட் நூல்கள் ஓரத்தில் பிரிந்து, பெல்ட் வெடிக்கும்.

இதற்கு விசிறியும் காற்றுத் துளையும் வாங்கிப் பொருத்துகிறவர்கள் உண்டு. சூட்டைக் குறைக்க அவை உதவும். சூடு பிறக்கும் காரணத்தைத் தொடாது. இரு புல்லிகளும் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பதை முதலில் பார்க்கச் சொல்வேன். எஞ்சின் ரப்பர் தாங்கிகள் மேல் உட்கார்ந்திருப்பதால், முழு வேகத்தில் இழுக்கும்போது அது நகரவும் செய்யும். இன்னொரு கொலைகாரன், இரவில் தரையோடு உறைந்துபோன டிராக், அதாவது பனியில் வண்டியை நகர்த்தும் பட்டை. காலையில் அதை உதறி விடுவிக்காமல் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், அசையாத பெல்ட்டை முன்புல்லி ஓரிடத்திலேயே தேய்த்துக் குறுக்கிவிடும்.

அகச்சிவப்பு வெப்பமானி வைத்திருப்பவர்கள் ஓடும்போதே சூட்டைப் பார்க்கிறார்கள். இல்லாதவர்கள் வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து, புல்லியில் கை வைக்கிறார்கள். கை பொறுக்கவில்லையென்றால் ஓட்டம் அங்கேயே நிற்கும். பெல்ட் அறுந்தே போனால், புதியதை மாட்டுவதற்குள் புல்லிக்குப் பின்னால் சுற்றிக்கிடக்கும் நூல்துண்டுகளை ஒன்றுவிடாமல் பிடுங்க வேண்டும். விட்டால் புதியதும் நெடுநாள் நிற்காது.