நவம்பர் முதல் மார்ச் வரை மத்தியதரைக் கடல்: ஒரு வரவு செலவுக் கணக்கு

கிரேக்க நாட்டில் நான்கு நட்சத்திர ஹோட்டல் அறை ஒன்றுக்கு ஓர் இரவுக்கு அரசு வசூலிக்கும் வரி, அக்டோபர் மாதம் முடியும் வரை 10 யூரோ. நவம்பர் பிறந்ததும் அதே அறைக்கு 3 யூரோ. கட்டிலும் சன்னல் வழியே தெரியும் கடலும் அப்படியேதான் இருக்கின்றன. மாறியது மாதம் மட்டும்.

ஆஃப் சீசனில் போனால் மலிவு என்பது எல்லோரும் அறிந்ததுதான். எவ்வளவு மலிவு, அதற்கு ஈடாக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று கூட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. ஹோட்டல் வாடகையும் விமான டிக்கெட்டும் நாளுக்கு நாள் ஏறி இறங்குபவை. அவற்றை வைத்துக் கணக்குப் போட்டால் நாளைக்கே பொய்யாகிவிடும். அதனால் அரசுகளும் நகராட்சிகளும் அச்சிட்டு அறிவித்த கட்டணங்களை எடுத்துக்கொள்வோம். சுற்றுலாப் பயணி எந்த மாதத்தில் வந்தால் நல்லது என்று அந்த நாடுகளே நினைப்பது அவற்றில் தெரிகிறது. கணக்கு எளிதாக இருக்க, ஒரு யூரோவை உத்தேசமாக 100 ரூபாய் என வைத்துக்கொள்ளலாம்.

காசுக் கணக்கு

கணவன் மனைவி இருவர் போவதாகக் கொள்வோம். 2025-ஆம் ஆண்டின் கட்டணங்கள் இவை. முதலில் கோடை, அடுத்து குளிர்காலம்.

கிரேக்கம், நான்கு நட்சத்திர ஹோட்டலில் 7 இரவு, அறைக்கான வரி: 70 யூரோ, 21 யூரோ.

ஸ்பெயினின் மயோர்கா தீவு, நான்கு நட்சத்திர ஹோட்டலில் 7 இரவு, ஆளுக்கான சுற்றுலா வரி, 10 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியுடன்: 46.20 யூரோ; 11.55 யூரோ.

குரோஷியா, துப்ரோவ்னிக் கோட்டை மதில் மீது நடக்க நுழைவுக் கட்டணம்: 80 யூரோ, 30 யூரோ.

குரோஷியா, பிளிட்விசே ஏரிகள் தேசியப் பூங்கா: 80 யூரோ, 20 யூரோ.

கிரேக்கத்தின் சான்டோரினியில் சொகுசுக் கப்பலில் வந்து இறங்குவோருக்கான கட்டணம்: 40 யூரோ, 8 யூரோ.

இத்தாலியின் வெனிஸ், இரவு தங்காமல் பகலில் வந்து திரும்புவோருக்கான நுழைவுக் கட்டணம், முன்பதிவு செய்தால்: 10 யூரோ, எதுவும் இல்லை.

கூட்டினால் கோடையில் 326.20 யூரோ, குளிர்காலத்தில் 90.55 யூரோ. ஏறத்தாழ 32,600 ரூபாய்க்கு எதிரே 9,000 ரூபாய். கோடைச் செலவில் 28 விழுக்காடுதான் குளிர்காலச் செலவு. இந்த ஆறையும் ஒரே பயணத்தில் யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் நான்கு நாடுகளும் தனித்தனியே முடிவெடுத்து, ஒரே திசையில் விலை வைத்திருக்கின்றன.

அதற்குக் காரணம் உண்டு. சான்டோரினியில் வாழ்பவர்கள் சுமார் 15,500 பேர். 2024 ஜூலையில் ஒரே நாளில் 11,000 கப்பல் பயணிகள் அங்கே வந்திறங்கினார்கள். அடுத்த ஆண்டு முதல் கப்பல் பயணிகளுக்கு நாளொன்றுக்கு 8,000 பேர் என்று வரம்பு வந்தது. வெனிஸ் 2024-இல் 29 நாட்களுக்கும் 2025-இல் 54 நாட்களுக்கும் நுழைவுக் கட்டணம் வாங்கியது; அவை எல்லாமே ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடைப்பட்ட நாட்கள். பாம்பேய் இடிபாடுகளுக்கு 2024 நவம்பரிலிருந்து நாளுக்கு 20,000 பேர் என்று எல்லை. வருகிறவர்கள் அதே எண்ணிக்கையில் வரட்டும், பன்னிரண்டு மாதங்களிலும் பரவலாக வரட்டும் என்பதுதான் இவர்கள் எல்லோரும் கேட்பது.

ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் கணக்கு சற்று வேறு. 2025 மார்ச் வரை கோடையில் 20 யூரோ, குளிர்காலத்தில் 10 யூரோ என்று இருந்தது. ஏப்ரலில் டிக்கெட் 30 யூரோ ஆனது. ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே நுழைவு இலவசம். இருவருக்கு மிச்சம் 60 யூரோ. இத்தாலியில் அரசு அருங்காட்சியகங்களுக்கு ஆண்டு முழுவதும் முதல் ஞாயிறு இலவசம். பயணத் தேதியை முடிவு செய்யும்முன் நாட்காட்டியில் இந்த ஞாயிறுகளைக் குறித்துவைப்பது நல்லது.

பருவம் பார்க்காத செலவு

இந்த நாடுகளுக்குப் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்குச் சீசனும் இல்லை, ஆஃப் சீசனும் இல்லை. 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 45 யூரோ. அதற்கும் சின்னவர்களுக்குக் கட்டணம் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

இருவருக்கு விசா மட்டும் 180 யூரோ. மேலே போட்ட குளிர்காலப் பட்டியலின் மொத்தத்தைப் போல் இரண்டு மடங்கு. இந்தச் செலவைக் குறைக்க வழி இல்லை, நாட்கணக்கில் பரப்ப வழி உண்டு. 5 நாள் போய்வந்தால் நாளொன்றுக்கு 36 யூரோ, 15 நாள் தங்கினால் 12 யூரோ. குளிர்காலத்தில் அறை வாடகை இறங்கியிருக்கும்போது நாட்களைக் கூட்டுவதுதான் இலாபம். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பே கொடுக்கலாம். கடைசித் தேதி 15 நாள் முன்பு. பிப்ரவரிப் பயணத்துக்கு அக்டோபரிலேயே விண்ணப்பித்துவிட்டால் கோடைக்கால நெரிசலில் சிக்க வேண்டியதில்லை.

வெளிச்சக் கணக்கு

குளிர்காலப் பயணி உண்மையில் விட்டுக்கொடுப்பது சூரிய வெளிச்சத்தை. ஏதென்ஸில் ஜூன் கடைசியில் பகல் பொழுது சுமார் 14 மணி 50 நிமிடம். டிசம்பர் கடைசியில் சுமார் ஒன்பதரை மணி. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் நட்டம். பாம்பேய் கோடையில் காலை 9 முதல் மாலை 7 வரை, குளிர்காலத்தில் 5 வரை. பத்து மணி நேரம் எட்டாகிறது. பிற்பகல் மூன்றரைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். அக்ரோபோலிஸ் கோடையில் காலை 8 முதல் இரவு 8 வரை, குளிர்காலத்தில் மாலை 5 வரை. பன்னிரண்டுக்கு ஒன்பது.

இந்தப் பன்னிரண்டையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அக்ரோபோலிஸ் குன்றின் உச்சியில் நிழல் இல்லை. கீழே வழவழத்த சுண்ணாம்புப் பாறை, சுற்றிலும் வெள்ளைப் பளிங்கு. வெயில் மேலிருந்தும் அடிக்கும், கீழிருந்தும் திரும்பும். ஏதென்ஸில் ஜூலை மாதப் பகல் வெப்பம் சராசரியாகவே 33, 34 டிகிரி. அனல் அலை வந்தால் 40-ஐத் தாண்டும். 2024 ஜூனில் அப்படி ஓர் அலை வந்தபோது நண்பகல் 12 முதல் மாலை 5 வரை அக்ரோபோலிஸை மூடினார்கள். 2023 ஜூலையிலும் 2025 ஜூலையிலும் பகலில் மூட வேண்டி வந்தது. பன்னிரண்டில் ஐந்து போனால் மீதி ஏழு. குளிர்காலத்தின் ஒன்பது மணி நேரம், அனல் நாளின் ஏழு மணி நேரத்தைவிட அதிகம். ஜனவரியில் அங்கே பகல் வெப்பம் சுமார் 13 டிகிரி. ஒரு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டால் பார்த்தினன் கோயிலை நின்று நிதானமாகச் சுற்றிவரலாம்.

மழைக் கணக்கு

மத்தியதரைக் கடல் பகுதியில் கோடை வறண்டது, மழை குளிர்காலத்தில் பெய்வது. ஆனால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி பெய்வதில்லை. ஏதென்ஸில் ஆண்டு முழுவதும் சேர்த்தே சுமார் 400 மில்லிமீட்டர். மால்டாவில் சுமார் 550. அட்ரியாட்டிக் கரையில் இருக்கும் துப்ரோவ்னிக்கில் 1,000-க்கு மேல். குளிர்காலத்தில் குடையை நம்பித்தான் துப்ரோவ்னிக் போக வேண்டும். ஏதென்ஸுக்கு அவ்வளவு கவலை வேண்டாம்.

அஞ்ச வேண்டியது இலையுதிர்காலத்தின் பெருமழையைத்தான். கோடை முழுக்கச் சூடேறிய கடல், செப்டம்பர் முதல் நவம்பர் வரை புயல்களுக்கு ஈரத்தை ஊட்டுகிறது. 2023 செப்டம்பரில் டேனியல் புயலின்போது கிரேக்கத்தின் ஸாகோராவில் ஒரே நாளில் 754 மில்லிமீட்டர் கொட்டியது. 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியா மாகாணத்தில், சீவா என்ற ஊரில் எட்டு மணி நேரத்தில் 491 மில்லிமீட்டர். அந்த வெள்ளத்தில் 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஆகவே நவம்பரையும் பிப்ரவரியையும் ஒன்றாக எண்ண வேண்டாம். நவம்பரில் போகிறவர்கள் வானிலை எச்சரிக்கையைத் தினமும் பார்க்க வேண்டும். முதல் பத்தியில் சொன்ன கிரேக்க வரியே, இப்படிப்பட்ட பேரிடர்களைச் சமாளிக்கப் பணம் சேர்ப்பதற்காக 2024-இல் கொண்டுவரப்பட்டதுதான்.

பூட்டிய கதவுகள்

குளிர்காலத்தில் காசு கொடுத்தாலும் கிடைக்காதவை சில உண்டு. கிரீட் தீவின் சமாரியா பள்ளத்தாக்கில் 16 கிலோமீட்டர் நடைப்பாதை மே 1 முதல் அக்டோபர் 31 வரைதான் திறந்திருக்கும். பிளிட்விசேயின் 16 ஏரிகளில் மேல்பகுதி ஏரிகளுக்குப் போகும் பாதையைப் பனிக்காலத்தில் மூடிவிடுவார்கள். 10 யூரோ டிக்கெட்டுக்குக் கீழ்ப்பகுதிதான் கிடைக்கும். சான்டோரினி போன்ற தீவுகளில் பெரும்பாலான ஹோட்டல்களும் உணவகங்களும் பூட்டியே கிடக்கும். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து படகில் ஏழெட்டு மணி நேரம் பயணித்து, சாப்பிட ஒரு கடை தேடி அலைவதில் மிச்சம் எதுவும் இல்லை. பலத்த காற்று வீசினால் கிரேக்கத் துறைமுக அதிகாரிகள் படகுகளைக் கிளம்பவே விடமாட்டார்கள். தீவுக்குப் போனால், திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாளாவது கையிருப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரியில் மால்டாவைச் சுற்றியுள்ள கடலின் வெப்பம் 15 டிகிரி அளவுதான். ஆகஸ்டில் அது 26. கடலில் குளிப்பதுதான் நோக்கம் என்றால் இந்தக் கட்டுரையின் கூட்டல் கழித்தல் எதுவும் செல்லாது.

எல்லாக் குளிர்கால நாளும் மலிவும் அல்ல. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை ரோம், பிப்ரவரியில் கார்னிவல் நடக்கும் வெனிஸ், ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில் ஸ்பெயினின் செவில் ஆகிய மூன்றிலும் கோடைக்குச் சமமாகக் கூட்டம் கூடும்.

குளிர்காலத்துக்கே உரிய வரவு

ஆஃப் சீசனை வெறும் தள்ளுபடியாகப் பார்ப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இந்த மண்ணின் அறுவடைக் காலம் இதுதான். ஒலிவக் காய்ப் பறிப்பு அக்டோபரில் தொடங்கிக் குளிர்காலம் நெடுகத் தொடரும். கிரீட்டில் மரத்தடியில் வலையை விரித்து, கிளைகளைக் கோலால் கோதி உதிர்ப்பார்கள். சாக்கு சாக்காகக் கட்டி அன்றைக்கோ மறுநாளோ செக்குக்கு அனுப்புவார்கள். சுமார் 5 கிலோ காய்க்கு ஒரு லிட்டர் எண்ணெய். புதிதாக ஆட்டிய எண்ணெய் பச்சை நிறத்தில் கலங்கலாக இருக்கும். ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட்டால் தொண்டையில் மிளகு போலக் காரும். ஜூலையில் வருகிறவருக்குப் புத்தெண்ணெயின் இந்தச் சுவை கிடைக்காது. செவில் நகரத் தெருக்களில் 40,000-க்கும் அதிகமான கசப்பு ஆரஞ்சு மரங்கள். அவை பழுத்து நிற்பது டிசம்பர், ஜனவரியில். மயோர்காவில் பாதாம் பூப்பது ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரியிலும்.

கூட்டிக் கழித்து

முடிவு தெளிவாகவே வருகிறது. ஆண்டு முழுவதும் மக்கள் வாழ்ந்து புழங்கும் ஏதென்ஸ், ரோம், நேப்பிள்ஸ், பலேர்மோ, செவில், வலேட்டா போன்ற நகரங்களுக்குக் குளிர்காலக் கணக்கு இலாபம். கோடைக்காக மட்டும் கடை விரிக்கும் சிறு தீவுகளுக்கு அது நட்டம்.

எந்த நாட்கள் என்று கேட்டால், மார்ச் 20 முதல் 31 வரை என்பேன். மார்ச் 20-ஐ ஒட்டிப் பகலும் இரவும் சமமாகி, பகல் 12 மணி நேரத்தைத் தாண்டிவிடும். டிசம்பரில் இழந்த ஐந்து மணி நேரத்தில் பாதி திரும்பிவிடுகிறது. கிரேக்க ஹோட்டல் வரியும் கப்பல் கட்டணமும் பிளிட்விசே டிக்கெட்டும் மார்ச் 31 வரை குளிர்கால விலையில்தான். மயோர்காவில் ஏப்ரல் முடியும் வரை. துப்ரோவ்னிக் மதில் மட்டும் விலக்கு, அங்கே மார்ச் 1-லேயே கோடை விலை வந்துவிடும். ஏதென்ஸில் பகல் வெப்பம் 16, 17 டிகிரி. தவிர்க்க வேண்டியவை இரண்டு: ஈஸ்டர் முன்கூட்டி வரும் ஆண்டு, கிரேக்கத்தின் தேசிய நாளான மார்ச் 25. அந்த நாளில் அக்ரோபோலிஸ் திறக்காது.

குளிர்காலத்தில் போகிறவர் தன் பணத்தை மட்டும் மிச்சம் பிடிக்கவில்லை. 15,500 பேர் வாழும் ஊருக்கு ஒரே நாளில் 11,000 பேர் வந்தால் அது யாருக்கும் நல்லதல்ல. சுற்றுலாவை நம்பி வாழ்கிறவர்களுக்கு மார்ச் மாதத்திலும் சம்பளம் வேண்டும். அதற்காகத்தான் அந்த நாடுகள் தங்கள் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கி நம்மை அழைக்கின்றன. ஜூலையைத் தவிர வேறு மாதத்தில் விடுப்பு எடுக்க முடிகிறவர்கள் அந்த அழைப்பை ஏற்றுக்கொள்வதே இரு பக்கத்துக்கும் வரவு.